நண்பர்கள் சேர்ந்து ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டுவது: பட்டா, முன்பணம், கொத்தனார்

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். கணவரை இழந்த ஒரு அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், வயதான மாமியார். கூரைக் குடிசையில் இருக்கிறார்கள். கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் முப்பது பேர் சேர்ந்து 4 லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். சனி, ஞாயிறுகளில் நாங்களே போய் வேலை செய்து ஒரு சின்ன வீடு கட்டிக் கொடுக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். ஆனால் சனி, ஞாயிறு உழைப்பை முதலில் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு சின்ன வீட்டின் செலவில் கூலி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதிலும் பெரும்பகுதி கொத்தனார், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் ஆள், எலக்ட்ரீஷியன் ஆகியோருக்குப் போவது. அந்த வேலையை நீங்கள் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆக, உங்கள் உழைப்பால் மிச்சமாவது சித்தாள் கூலி மட்டும்தான். அந்தச் சித்தாள் யார்? பெரும்பாலும் அதே ஊர்க்காரப் பெண். ஓர் ஏழைப் பெண்ணுக்கு வீடு கட்டப் போய் இன்னொரு ஏழைப் பெண்ணின் ஒரு வாரக் கூலியை நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

அப்படியானால் உங்களால் என்ன பயன்? நிறைய. அதற்கு முன் மனை யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

டெல்டாவில் குடிசைகள் நிற்கும் மனைகளில் பல, கோயில் நிலமாகவோ மடத்து நிலமாகவோ இருக்கும். சில இடங்களில் பழைய பண்ணையார் நிலத்தில் குடியிருந்தவர்களுக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மனை சொந்தமாகியிருக்கும். இன்னும் சிலது வாய்க்கால் கரை, குளத்தங்கரைப் புறம்போக்கு. முப்பது வருஷமாகக் குடியிருக்கிறோம், கரண்ட் பில் இருக்கிறது, வீட்டு வரி கட்டுகிறோம் என்பார்கள். அதெல்லாம் அங்கே குடியிருந்ததற்குச் சான்று. நில உரிமைக்குச் சான்று ஆகாது. நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். நீதிமன்ற உத்தரவோடு ஒருநாள் இடிக்க வந்தால் குடிசையாக இருந்தால் போவது கூரை மட்டும், நீங்கள் கட்டிய வீடாக இருந்தால் போவது எல்லாமே. அப்படி ஒரு நிலையில் அந்தக் குடும்பத்துக்கு வேறு இடத்தில் இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டுத் தாசில்தார் அலுவலகத்துக்கு அலைவதுதான் உங்கள் முதல் தொண்டு. ஆறு மாதம் ஆனாலும் சரி.

பட்டா இருக்கிறது, ஆனால் இறந்துபோன மாமனார் பெயரில் இருக்கிறது என்பது இன்னொரு வழக்கமான சிக்கல். அப்போது கணவரின் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. குடிசை இருக்கிற வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கான்கிரீட் தளம் போட்ட அன்றைக்குத்தான் திருப்பூரில் இருக்கும் மைத்துனருக்குப் பாகம் ஞாபகம் வரும். எனவே வாரிசுச் சான்று வாங்கி, மற்ற வாரிசுகளிடம் விடுதலைப் பத்திரம் (தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதி வாங்கிப் பதிவு செய்து, பட்டாவை அந்த அம்மா பெயருக்கு மாற்றிய பிறகே அடித்தளத்துக்கு வானம் தோண்டுங்கள். மாமியார் உயிரோடு இருப்பதால் அவர் சம்மதமும் முறைப்படி வேண்டும். பெண் பெயரில் பட்டா என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் பகுதியிலேயே இதற்கு முன்னோடி உண்டு. 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு அந்தப் பகுதிக்கு வந்து தங்கிய கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதி 1981இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தபோது அதைப் பெண்கள் பெயரில்தான் பதிந்தார்கள். பின்னாளில் குடிசைகளுக்குப் பதில் செங்கல் வீடு என்று இறங்கியபோது, அந்த மக்களே செங்கல் அறுத்தார்கள்.

இனி பணம். 4 லட்சம் போதாது. சாதாரண வேலைக்கே இப்போது சதுர அடிக்கு 2,000 ரூபாயும் அதற்கு மேலும் ஒப்பந்தக்காரர்கள் கேட்கிறார்கள். 360 சதுர அடி என்றால் 7 லட்சத்தைத் தாண்டும். பொருளை நீங்களே வாங்கி, கொத்தனாரை நாள் கூலிக்கு வைத்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வசூலை இரட்டிப்பாக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. தமிழக அரசு 2024இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம், மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை. குடிசையில் இருப்பவர்கள், சொந்த மனைக்குப் பட்டா உள்ளவர்கள்தான் இதன் பயனாளிகள். நீங்கள் சொல்கிற குடும்பம் இதற்குப் பொருத்தமான குடும்பம். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் போய், கணக்கெடுப்புப் பட்டியலில் இந்த அம்மா பெயர் இருக்கிறதா, திட்டத்தின் இப்போதைய நிலை என்ன என்று கேளுங்கள். பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம் இன்னொரு வழி. அதில் ஒன்றிய அரசு ஒரு வீட்டுக்கு வகுத்த தொகை சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சம், தமிழகத்தில் தளத்துக்கு மாநில அரசு கூடுதலாகச் சேர்த்துத் தருகிறது.

அரசுத் திட்டம் இருக்கிறதே, பிறகு நாங்கள் எதற்கு என்று நினைக்கலாம். இங்கேதான் உங்கள் வேலை ஆரம்பிக்கிறது. அரசுப் பணம் தவணையாக வரும், அதுவும் அந்தந்தக் கட்ட வேலை முடிந்த பிறகு. அடித்தளம் முடித்து, அலுவலர் வந்து படம் எடுத்துப் பதிவேற்றிய பின் ஒரு தவணை, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட்) மட்டத்தில் ஒன்று, தளம் போட்டபின் ஒன்று, கடைசியில் ஒன்று. சிமென்டையும் கம்பியையும் துறை வழியே கொடுத்து, அதற்கான தொகையைக் கழித்துக்கொள்வதும் உண்டு. ஆக ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்பணம் அந்தக் குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகும் பெண் எங்கே போவார்? தோட்டை அடகு வைப்பார், வட்டிக்கு வாங்குவார். தவணை தள்ளிப்போனால் வட்டி ஏறும். ஊருக்கு ஊர் லிண்டல் மட்டத்தில் புல் முளைத்து நிற்கும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் பல முன்பணம் இல்லாமல் நின்றுபோனவைதான்.

உங்கள் 4 லட்சம் அங்கேதான் உதவும். செங்கல் இறக்க, கொத்தனாருக்கு வாரக் கூலி கொடுக்க, தவணை வரும்வரை காத்திருக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போக அந்தப் பணம் சுழலட்டும். கடைசித் தவணை வந்தபிறகு அரசு கொடுத்ததையும் நீங்கள் போட்டதையும் கூட்டினால் வீடு முழுமையாக முடிந்திருக்கும், அந்த அம்மா தலையில் கடன் இருக்காது. முப்பது பேரில் ஒருவர் ஒன்றிய அலுவலகத்துக்கு நடக்கிற ஆளாக இருக்க வேண்டும். பேண்ட் மடித்துவிட்டு மண் சுமப்பதைவிட இது போரடிக்கிற வேலை, படமெடுத்துப் போடவும் ஒன்றுமில்லை. அந்தக் குடும்பத்துக்கு வேண்டியது இதுதான்.

தன்னார்வலர் வீடு என்றதும் எல்லோருக்கும் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டிதான் நினைவுக்கு வரும், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1942இல் கொய்னோனியா என்றொரு பண்ணை தொடங்கியது. கறுப்பரும் வெள்ளையரும் சமமாக வாழ வேண்டும் என்று கிளாரன்ஸ் ஜோர்டன் முதலானோர் ஆரம்பித்த இடம். 1960களின் கடைசியில் மில்லர்ட் ஃபுல்லர் தம்பதி அங்கே வந்து சேர, ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கட்டும் யோசனை உருவானது. அதே தம்பதி 1976இல் அதை ஹேபிடட் என்ற அமைப்பாக்கினார்கள். வட்டி இல்லை, லாபம் இல்லை. வீடு வாங்கும் குடும்பமும் தன் வீட்டிலும் மற்றவர் வீட்டிலும் நூற்றுக்கணக்கான மணி நேரம் உழைக்க வேண்டும். வீட்டின் விலையைச் சிறு தவணைகளில் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தப் பணம் அடுத்த குடும்பத்தின் வீட்டுக்குப் போகும். பலரும் நினைப்பதுபோல அது இலவச வீடு இல்லை. முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1984இல் நியூயார்க்கில் சுத்தியலோடு இறங்கிய பிறகுதான் உலகம் முழுக்கப் பெயர் வந்தது. 2006இல் அவர் மகாராஷ்டிரத்தில் லோனாவாலாவுக்கு அருகில் உள்ள மளவலிக்கு வந்தபோது நூறு வீடுகள் கட்டும் பணி நடந்தது. 95 வயதிலும் நாஷ்வில்லில் வீடு கட்டும் வேலையில் இறங்கியிருந்தார் மனிதர்.

அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சுத்தியலை இல்லை, ஏற்பாட்டை. தன்னார்வலர் வந்து இறங்குவதற்கு முன்பே அடித்தளம் தயாராக இருக்கும், பொருள் அடுக்கியிருக்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் தொழில் தெரிந்த ஒருவர் பொறுப்பாக நிற்பார். திருப்பிக் கட்டும் தவணை முறையை உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு வீட்டுக்கு அது தேவையில்லாத நிர்வாகம். குடும்பத்தின் உழைப்பு என்ற விஷயத்திலும் ஒரு திருத்தம் செய்வேன். நாள் கூலியில் அடுப்பெரிக்கும் பெண்ணிடம் போய், உன் வீடுதானே, சும்மா வந்து வேலை செய் என்றால் அன்றைக்குப் பிள்ளைகள் எதைச் சாப்பிடும்? அவரையே சித்தாளாக வைத்து, ஊரில் நடக்கிற கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். இது புதுமையும் இல்லை. பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோதே, பயனாளி தன் சொந்த வீட்டில் செய்யும் வேலைக்கு 90 நாள் வரை நூறு நாள் வேலைத் திட்டக் கூலியைப் பெறலாம் என்றுதான் வகுத்திருந்தார்கள்.

இனி கட்டடம். திருவாரூர்ப் பக்கம் களிமண். கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். மேலாகத் தோண்டிக் கடைக்கால் போட்டால் இரண்டு வருஷத்தில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். குறைந்தது நான்கடி தோண்டி, அடியில் மணல் நிரப்பித் தண்ணீர் விட்டு இடித்து, அதன்மேல் ஜல்லி போடச் சொல்லுங்கள். பேஸ்மென்ட் மட்டத்தில் வீட்டைச் சுற்றி ஒரு கான்கிரீட் பெல்ட், லிண்டல் மட்டத்தில் இன்னொன்று, தளம் மூன்றாவது. இந்த மூன்றும் சுவர்களைச் சேர்த்துக் கட்டிப்போடும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது கூரையும் ஓடும் ஷீட்டும்தான் முதலில் பறந்தன. அதனால் அந்த 60 சதுர அடிக்கு ஷீட் போடுவதாக இருந்தால் சுவருக்கு வெளியே நீட்டம் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம், ஷீட்டை ஜே போல்ட் (கொக்கிபோல வளைந்த போல்ட்) போட்டு இறுக்குங்கள். பேஸ்மென்ட் உயரம் தெரு மட்டத்திலிருந்து இரண்டடியாவது இருக்கட்டும். அந்தத் தெருவில் இதுவரை எவ்வளவு தண்ணீர் நின்றிருக்கிறது என்று மாமியாரிடம் கேளுங்கள், எந்த இன்ஜினீயரையும்விட அவருக்குத் தெரியும். உள்ளே நிரப்புவதற்குத் தோண்டிய களிமண்ணையே போட்டுவிடுவார்கள், கண் வையுங்கள். மணலோ கிராவலோ போடாவிட்டால் தரை இறங்கும்.

செலவு குறைக்க, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பாணியில் எலிப்பொறிக் கட்டு கட்டலாமா என்று உங்களில் ஒருவர் நிச்சயம் கேட்பார். செங்கலைக் குத்தாக நிறுத்தி, நடுவில் மூன்று அங்குல இடைவெளி விட்டுக் கட்டும் முறை. ஒன்பது அங்குலச் சுவரிலேயே செங்கல் கால்வாசி மிச்சமாகும், கலவையும் குறையும், வீட்டுக்குள் வெக்கை குறையும். கேரளத்தில் பேக்கரும் அவரைப் பின்பற்றியவர்களும் ஆயிரக்கணக்கில் கட்டிக் காட்டிய முறை. நல்ல முறைதான். ஆனால் செங்கல் ஒரே அளவில், முனை உடையாமல் இருக்க வேண்டும், கொத்தனாருக்கு அது கை வந்திருக்க வேண்டும். உங்கள் ஊர்க் கொத்தனார் முதல் முறையாக அதைப் பழகும் இடமாக இந்த அம்மாவின் வீடு இருக்க வேண்டாம். 360 சதுர அடி வீட்டுக்கு மொத்தச் செங்கலே அவ்வளவு அதிகம் வராது. அதில் கால்வாசி என்பது சின்ன மிச்சம். முதலில் உங்களில் வசதியான ஒருவர் தன் வீட்டுக் காம்பவுண்டு சுவரை அப்படிக் கட்டிப் பார்க்கட்டும்.

வீட்டின் அமைப்பை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடலோரத்தில் தொண்டு நிறுவனங்கள் வரிசையாகக் கட்டிய கான்கிரீட் வீடுகளில் பல, கேட்காமல் கட்டியவை. நிழல் தந்த மரங்களை வெட்டிச் சமப்படுத்தி, திண்ணை இல்லாமல், வலை வைக்க இடமில்லாமல் பெட்டி பெட்டியாக நின்றன. பகலில் உள்ளே இருக்க முடியாத வெக்கை. இங்கே கேட்க வேண்டியவை: ஆடு இருக்கிறதா, எங்கே கட்டுவீர்கள், விறகடுப்பா, கேஸா, இரண்டுமா, மாமியார் ராத்திரி எழுந்தால் கழிப்பறைக்கு எத்தனை படி இறங்க வேண்டும், பிள்ளை படிக்க உட்காரும் இடத்தில் ஜன்னல் வருமா. ஒரு திண்ணைக்காக ஹாலில் இரண்டடி குறைந்தால் பரவாயில்லை. திட்டத்தின் அளவுக்குள் வேண்டுமே என்றால், வரைபடத்தை ஒன்றியப் பொறியாளரிடம் முன்கூட்டியே காட்டிப் பேசிவிடுங்கள். கட்டியபின் அளவு பிசகினால் தவணை நிற்கும்.

கழிப்பறைக்குக் கிராமத்தில் இரட்டைக் குழி முறை மலிவு, ஒன்று நிரம்பினால் மற்றதற்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் கிட்டத்தட்ட மேலேயே வந்து நிற்கும். பக்கத்தில் அடிபம்ப் இருந்தால் குழி வேண்டாம், அடிப்பகுதி பூசிய செப்டிக் டேங்க்தான் சரி.

இப்போது உங்கள் கைகளுக்கு வேலை. தளம் போடும் நாள் ஒன்று வரும். 300 சதுர அடியில் ஐந்து அங்குலத் தளம் என்றால் சுமார் 125 கன அடி கான்கிரீட், சிமென்ட் முப்பது மூட்டை வரும். மிக்சர் வைத்தாலும், கலந்ததை மேலே ஏற்ற ஆள் வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் சேர்ந்த இடத்தில் பின்னால் ஒழுகும். அன்றைக்கு முப்பது பேரும் வரலாம். கூலி ஆட்களோடு சேர்ந்து வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கை மாற்றிக் கொடுங்கள். மேலே சென்ட்ரிங் பலகையில் கொத்தனார், கம்பிக்காரர் தவிர யாரும் வேண்டாம், சாரத்தில் ஏறுவது வேண்டவே வேண்டாம். கையுறையும் பூட்ஸும் கட்டாயம். ஈரச் சிமென்ட் தோலை அரித்துவிடும், முதல் நாள் தெரியாது, மறுநாள் தெரியும். கலவையில் தண்ணீர் அதிகம் விடுகிறார்களா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கலவை ஓடினால் பரப்புவது சுலபம் என்பதால் விடத்தான் பார்ப்பார்கள், பலம் போவது அங்கேதான். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியைப் பலகையில் படாமல் தூக்கி வைக்கும் சின்னக் கட்டை) இருக்கிறதா என்று முந்தின நாள் மாலையே பார்த்துவிடுங்கள். மதியத்துக்குள் முடிந்தால் எல்லோருக்கும் சாப்பாடு போடுங்கள், அன்றைக்கு ஆட்டுக்கறி எதிர்பார்ப்பது கட்டட வேலையில் வழக்கம், குறை வைக்காதீர்கள்.

தளத்துக்கு மறுநாளிலிருந்து இரண்டு வாரம் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்க வேண்டும். சுவருக்கும் பூச்சுக்கும் தினமும் காலை, மாலை தண்ணீர் அடிக்க வேண்டும். இது திறமை தேவைப்படாத வேலைதான், ஆனால் நாள் தவறாத வேலை. சனிக்கிழமை வரும் தன்னார்வலர்களால் முடியாது. அந்த அம்மாவுக்கும் மாமியாருக்கும் கூலி கொடுத்து ஒப்படைக்க இதைவிட நல்ல வேலை கிடையாது. தன் வீட்டுச் சுவருக்குத் தண்ணீர் காட்ட அவர்கள் மறக்க மாட்டார்கள். உங்களுக்கு மிச்சம் இருப்பது செங்கல் இறக்கி அடுக்குவது, மண் நிரப்புவது, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது, சுற்றிலும் நாலு மரக்கன்று வைப்பது. வெளியூரிலிருந்து முப்பது பேர் வந்து போகும் பயணச் செலவையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். அது ஒரு கதவு, இரண்டு ஜன்னல் விலைக்கு வந்தால், பத்துப் பேர் மட்டும் போவது நல்லது.

பணத்தை ஒருவரின் சேமிப்புக் கணக்கில் குவிக்காதீர்கள். பின்னால் வருமான வரித் துறை அதைக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். நன்கொடைக்கு வரிச் சலுகை தரும் சான்று உள்ள, நீங்கள் நம்புகிற ஒரு அறக்கட்டளை வழியாகப் போனால் கொடுப்பவருக்கும் அந்தச் சலுகை கிடைக்கலாம். உங்கள் நண்பர்களில் வெளிநாட்டில் இருப்பவர்கள் உண்டா? இந்தியக் குடியுரிமையை வைத்துக்கொண்டு அங்கே வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தைக் கொடுக்கலாம். கனடா, சிங்கப்பூர் என்று குடியுரிமை மாறியவர் கொடுத்தால் அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதற்கான பதிவு இல்லாத அமைப்பு வாங்கக் கூடாது. மறுக்க மனம் வராது, ஆனாலும் வாங்காதீர்கள். செலவுக் கணக்கை வாரம் ஒருமுறை எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள், அந்த அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

வாசலில் உங்கள் குழுவின் பெயர் பொறித்த கல் வேண்டாம். பிள்ளைகள் அந்த வீட்டில் வளர வேண்டும், நண்பர்களைக் கூட்டி வர வேண்டும்.

முடித்துக் கொடுக்கும்போது வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, பட்டா மூன்றும் அந்த அம்மா பெயரிலேயே இருக்கிறதா என்று பார்த்து, நகல் எடுத்து ஒரு கோப்பில் போட்டுக் கொடுங்கள். கையில் ஒரு இருபதாயிரத்தைச் செலவழிக்காமல் வைத்திருங்கள். முதல் ஐப்பசி மழையில்தான் தளம் எங்கே கசிகிறது, எந்த ஜன்னல் ஓரம் தண்ணீர் இறங்குகிறது என்று தெரியும். தீபாவளி முடிந்த வாரத்தில் கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு போய் அதைச் சரி செய்துவிட்டு, பிறகு கணக்கை மூடுங்கள்.